பேட்டரி நனைந்தால் நனையட்டும்

ட்ரோன் பேட்டரித் தொழிலில், வாடிக்கையாளர் "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினால், நாம் சொன்னதில் பாதி அந்தப் படியிலேயே உதிர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ராசிபுரத்தில் மெயின் ரோட்டை ஒட்டி என் கடை. இருபது வருடம் லாரி பேட்டரி பார்த்தேன். வயல்காட்டுக்கு மருந்தடிக்கும் ட்ரோன்கள் இந்தப் பக்கம் பறக்க ஆரம்பித்ததும் அவற்றின் பேட்டரிகளுக்கு மாறிக்கொண்டேன். என்னோடு வேலை பார்ப்பவள் கவிதா. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். மல்டிமீட்டரைக் கையில் எடுத்துவிட்டால் பெற்ற அப்பனுக்கும் சலுகை காட்டமாட்டாள். எனக்கு அந்தக் குணம் கிடையாது. இங்கே சொல்லப்போவதெல்லாம் கடைசியில் அதில்தான் போய் முட்டும் என்பதால் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

இதே தொழிலில் அவதிப்படுகிறவர்களுக்கும், ட்ரோன் வாங்கி அவதிப்படுகிறவர்களுக்கும் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரி செங்கல் மாதிரி இருக்கும், அதைவிடக் கனக்கும், பத்து நிமிடம் பறந்தால் தீர்ந்துவிடும். சூடு ஆறாமல் சார்ஜ் போடக்கூடாது. முழு சார்ஜோடு நாள்கணக்கில் வைக்கக்கூடாது, அடியோடு காலியாகவும் விடக்கூடாது. உப்பிப்போனதை ஓட்டக்கூடாது. சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். மொத்தமே ஐந்தாறு வாக்கியம்தான். உங்களைப் போலவே நானும் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப் போனவன்.

லாரிக்காரர் பழக்கம்

மல்லசமுத்திரத்துக்காரர் ஒருவர், என் பழைய வாடிக்கை. இரண்டு லாரி வைத்து ஓட்டியவர், அவற்றை விற்றுவிட்டு ட்ரோன் வாங்கினார். லாரிக்குச் செய்கிற மாதிரியே ட்ரோனுக்கும் மாலை போட்டு, நான்கு காலுக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துத்தான் முதல் நாள் கிளப்பினார். அதில் தப்பொன்றும் இல்லை, எலுமிச்சம்பழத்தால் எந்தப் பேட்டரியும் கெட்டதில்லை.

சீசன் முடிந்து இரண்டரை மாதம் கழித்து ஆறு பேட்டரிகளையும் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார். ஆறும் பூரி மாதிரி உப்பியிருந்தன. வேலையில்லாத நாட்களில் பாதி சார்ஜில் வைக்கச் சொல்லியிருந்தேனே என்று கேட்டேன். மனிதர் வாரம் தவறாமல் ஒவ்வொன்றையும் முழுக்க ஏற்றி, துணியால் துடைத்து, அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார். கைக்குழந்தையைக் கூட அப்படிக் கவனித்திருக்கமாட்டார்.

கவிதா ஒவ்வொன்றாக அளந்து பார்த்து, சிவப்பு மார்க்கரால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெருக்கல் குறி போட்டாள். எங்கள் கடையில் அந்தக் குறி விழுந்த பேட்டரி வெளியே திரும்பிப் போகாது, மிச்ச சார்ஜைச் சாகடிக்கக் கொல்லைப்புறம் வைத்திருக்கும் உப்புத்தண்ணீர் டிரம்முக்குத்தான் போகும். அவர் ஆறு குறிகளையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் நிதானமாகத்தான் சொன்னார்: "பேட்டரிய எப்பவும் நெறச்சே வெய்யுங்க, காலியா உட்டாச் செத்துப்போகும்னு இருவது வருசமாச் சொன்னது நீங்கதானுங்க. உங்க பேச்சத்தானுங்க நான் கேட்டேன்."

கோணி ஊசி

அடுத்தவர் ட்ரோனும் ஓட்டி மாடும் வளர்க்கிறவர், நான்கு கறவை மாடு. ஒரு மழைக்காலத்தில் ஈரப் பசுந்தீவனத்தை அளவில்லாமல் தின்று ஒரு மாட்டுக்கு வயிறு உப்பிக்கொண்டது. கால்நடை டாக்டர் வந்து இடது விலாவுக்குப் பின்னால் ஊசியை இறக்கினார். புஸ்ஸென்று காற்று வெளியேறியது, மாடு எழுந்து நின்றது. கண்ணால் பார்த்த வைத்தியம் மனதில் ஆழமாகப் பதிந்துவிடும் போலிருக்கிறது.

ஒரு நாள் அவருடைய பேட்டரி உப்பிப் போனது. கடைக்குக் கொண்டுவந்தால் கவிதா குறி போட்டுவிடுவாள் என்று தெரியும். களத்தில் உட்கார்ந்து, மூட்டை தைக்கிற கோணி ஊசியை எடுத்து, காற்றை இறக்கிவிடலாம் என்று ஒரு குத்துக் குத்தினார். உள்ளே ஒட்டக்கூடாத தகடுகள் ஊசி வழியாக ஒட்டிக்கொண்டன. காற்று வந்தது, கூடவே தீயும் வந்தது. திறந்த களத்தில் குத்தினாரே, அந்த மட்டும் பிழைத்தார்.

இரண்டு மாதம் கழித்து, வலது கையில் இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் கடைக்கு வந்தார். என்னால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு டீ சொன்னேன். இடது கையால் டீயை வாங்கிக்கொண்டு, சந்தேகம் தீராத முகத்தோடு என்னிடம் கேட்டார்: "மாட்டுக்கு எந்தப் பக்கம் குத்தோணும்னு எனக்குத் தெரியுமுங்க. இதுக்கு எந்தப் பக்கமுங்க குத்தியிருக்கோணும்?"

தொட்டிக் குளிர்ச்சி

பேட்டரி ஆறுவதற்கு அரைமணி நேரமாவது விடுங்கள் என்று சொன்னால், இந்த வெயிலில் அதைவிடப் பெரிய ஜோக் இல்லை. வாடகைக்கு ட்ரோன் ஓட்டும் ஒருவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பறந்து இறங்கிய பேட்டரியைக் கழற்றி, கிணற்றுமேட்டுச் சிமெண்டுத் தொட்டியில் முக்கி எடுத்து, துண்டால் துடைத்து, சார்ஜில் போட்டார். நான்கைந்து நாள் எந்தக் கோளாறும் இல்லை. மருந்து கலக்குவதற்கு வந்தவர்களெல்லாம் அவர் மூளையைப் பாராட்டியிருக்கிறார்கள்.

ஆறாவது நாள், மரவள்ளிக் காட்டின் மேல், பத்து லிட்டர் மருந்தோடு பறந்துகொண்டிருந்தபோது கரண்ட் அறுந்து ட்ரோன் கல் மாதிரி விழுந்தது. அடுத்த வரப்பில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கும் அது விழுந்த இடத்துக்கும் நான்கு முழம்தான். பேட்டரியைப் பிரித்துப் பார்த்தோம். முனைகள் பச்சை பூத்து அரித்துப் போயிருந்தன, உள்ளே தண்ணீர் நின்ற தடம் தெரிந்தது. அந்த நான்கு முழத்தை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவருக்கு மட்டும் நம்பிக்கை போகவில்லை: "தண்ணியில இருந்து எடுக்கறப்ப நல்லாச் சில்லுன்னுதானுங்க இருந்துச்சு."

குறி விழாத பேட்டரி

சுமதிக்கு வெண்ணந்தூரை அடுத்த ஒரு சிற்றூர். மகளிர் குழுவுக்கு வந்த ட்ரோனை ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டவர். கணவர் முருகேசன் லாரி ஓட்டுகிறவர், சரக்கேற்றி வடக்கே நடை போனால் வீடு திரும்ப இருபது நாள் ஆகும். ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். என் வாடிக்கையாளர்களிலேயே சுமதிதான் ஒழுங்கு. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு போவார். அவர் "சரிங்க" என்றால் உண்மையிலேயே சரி.

மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்திருந்த சமயம். புழு குருத்துக்குள் இறங்கிவிட்டால் பிறகு மருந்தடித்தும் பெரிய பலன் இல்லை. அதனால் எல்லோருக்கும் இன்றைக்கே அடித்தாக வேண்டும். சுமதி தன் நான்கு பேட்டரிகளையும் பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்தார். மூன்று நன்றாக இருந்தன. நான்காவதன் ஓரத்தில், கட்டைவிரலை வைத்தால் தெரிகிற அளவுக்கு ஓர் உப்பல். கவிதா அளந்து பார்த்து, ஒரு செல் மட்டும் மற்றவற்றோடு சேராமல் பின்தங்குகிறது என்று சொல்லி மார்க்கர் மூடியைத் திறந்தாள்.

சுமதி கெஞ்சவில்லை. மூன்றை வைத்து ஓட்டினால் ஒன்று ஆறி ஏறுவதற்குள் மற்றது தீர்ந்துவிடும், வரிசையில் காத்திருக்கிறவர்களில் பாதிப்பேருடைய காடு போய்விடும் என்று மட்டும் சொன்னார். புதுப் பேட்டரி வந்து சேரப் பத்து நாள் பிடிக்கும். எனக்கு மனசு கேட்கவில்லை. கவிதாவின் கையிலிருந்து மார்க்கரை வாங்கி மூடினேன். பத்து நாள் ஓட்டுங்கள், ஆனால் இதை மட்டும் நான்கு சுவருக்குள் சார்ஜ் போடாதீர்கள், திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும் என்றேன். குழுக் கட்டடம் தெருவோரம், அங்கே முற்றமே கிடையாது. அப்படியானால் என் வீட்டு வேப்பமரத்தடியில் வைத்துக்கொள்கிறேன் என்று சுமதி சொன்னார். நல்ல இடம் என்று நானே சொன்னேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

 அவர் போன பிறகு கவிதா மல்டிமீட்டர் ஒயரைச் சுற்றி வைத்துவிட்டு ஒன்று சொன்னாள். நியாயமாகத்தான் பட்டது, உடனே சுமதிக்குப் போன் போட எண்ணினேன். அதற்குள் கடையில் ஆள் வந்துவிட்டது, வேலையில் மறந்துபோனேன். அவள் சொன்னது இதுதான்: "வெளியில வெக்கச் சொன்னீங்க, சரிங்கண்ணா. மழை வந்தா என்ன பண்றதுன்னு சொல்லலீங்களே."

மழை

ஏழாவது நாள் மத்தியானம். முருகேசன் அன்று காலைதான் நடை முடித்து வந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுத்திருந்தார். சுமதி காலையில் அடித்துவிட்டு வந்து, பேட்டரி ஆறும்வரை காத்திருந்து, வேப்பமரத்தடியில் ஒரு கல்லின் மேல் வைத்து, வீட்டிலிருந்து ஒயர் இழுத்து சார்ஜ் போட்டார். பக்கத்திலேயே உட்கார்ந்தும் இருந்தார். அப்போது பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது, மகளுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப் போங்கள் என்று. கணவரை எழுப்பி, மரத்தடியில் பேட்டரி ஏறுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பது நான் போட்ட விதி. ஆள் இருந்தார்.

மழை வந்தது. முருகேசன் பார்த்துக்கொண்டார். லாரி ஓட்டுகிறவருக்கு மழை என்றால் முதலில் சரக்கு, அப்புறம்தான் தன் உடம்பு. தார்ப்பாய் கட்டாமல் சரக்கை நனையவிட்டவன் என்ற பேர் இந்த ஊரில் எந்த ஓட்டுநருக்கும் ஆகாது. கொடியில் கிடந்த துணிகளைக்கூட எடுக்காமல், பேட்டரியையும் சார்ஜரையும் மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். தரை ஈரம் என்று கட்டில் மெத்தையின் மேல் வைத்தார். மனைவி சாயங்காலம் காட்டுக்குப் போக வேண்டுமே என்று உள்ளேயிருந்த பிளக்கில் மறுபடியும் செருகினார். சாரல் படாமலிருக்க ஜன்னலைச் சாத்தி, கதவைத் தாழிட்டார். ஒவ்வொன்றும் அக்கறையோடு செய்தது. பிறகு அதே அறையில் பாய் விரித்துப் படுத்தார். இருபது நாள் அலுப்பு, உடனே தூங்கிவிட்டார்.

தீயைவிடப் புகை முந்திக்கொண்டது. அந்தப் புகை நெஞ்சுக்குள் போனால் என்ன செய்யும் என்று இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தார் கதவை உடைத்து வெளியே தூக்கினார்கள். சேலத்தில் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நினைவோடு இருந்தார். இவ்வளவும் அவரே சுமதியிடம் திணறித் திணறிச் சொன்னதுதான். எங்கே தப்புச் செய்தோம் என்று கடைசிவரை அவருக்குப் புரியவில்லையாம். நான்காம் நாள் போய்விட்டார்.

எழவுக்குப் போனேன். மரத்தடியில் அந்தக் கல் அப்படியே இருந்தது. கொடியில் இன்னும் துணி கிடந்தது, யாரும் எடுக்கவில்லை. சுமதி திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் என்னைக் கண்டதும் பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து வந்து நின்றார். நானல்லவா அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவன். அவர் எனக்குச் சொன்னார்: "வெளியிலதானுங்கண்ணா வெச்சேன். நீங்க சொன்ன பேச்ச மீறலீங்க."

பலகை

அதற்கப்புறம் ஒரு மாதம் நான் கல்லாவில் உட்கார்ந்தேனே தவிர பேட்டரியைத் தொடவில்லை. கவிதா ஒரு நாளும் "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். அந்த மாதம் நான் செய்த ஒரே வேலை, பெயிண்டரைக் கூப்பிட்டு வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டியதுதான். "மழை வந்தால் மெயினை அணையுங்கள். பேட்டரி நனைந்தால் நனையட்டும். வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள். வீட்டில் உள்ள அனைவருக்கும் இதைச் சொல்லுங்கள்." கூடவே இன்னொரு வழக்கமும் ஏற்படுத்தினேன். பேட்டரி எடுத்துப் போகிறவர் வீட்டுக்கு, அவர் எதிரிலேயே போன் போட்டு, எடுக்கிறவர் யாராக இருந்தாலும் அந்த நான்கு வரியையும் படித்துக் காட்டுவேன். பாதிப்பேர் கடன் வசூலிக்கிற கம்பெனி என்று நினைத்துப் போனை வைத்துவிடுவார்கள், மறுபடியும் போடுவேன்.

பலகை மாட்டிய முதல் வாரத்தில் ஒருவர் வந்தார். படித்தவர், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ஒருவராவது பொறுப்பாகப் படிக்கிறாரே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. உள்ளே வந்து, பெயிண்டர் செய்த தப்பை என் கவனத்துக்குக் கொண்டுவருகிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்: "ஏனுங்க, பேட்டரி நனைஞ்சாக் கெட்டுப்போயிருமில்லீங்க, நனையக்கூடாதுன்னு மாத்தி எழுதச் சொல்லுங்க."

மூன்று பேட்டரிகள்

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் சுமதி வந்தார். மற்ற மூன்று பேட்டரிகளும் ட்ரோனோடு குழுக் கட்டடத்தில் இருந்ததால் தப்பியிருந்தன. அவற்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். வாசலில் நின்று பலகையைப் படித்தார். நான்கு வரிதான், ஆனால் நெடுநேரம் படித்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பரிசோதித்துத் தரச் சொன்னார். மறுபடியும் மக்காச்சோளம் முளைத்துவிட்டது, குழுவில் ஓட்டத் தெரிந்தவர் தான் ஒருத்திதான், மகளைப் படிக்க வைக்க வேண்டும் என்றார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. அந்த நோட்டு கையில் இருந்தது, ஓரமெல்லாம் கருகியிருந்தது.

இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. அந்த நான்காவது பேட்டரிக்குக் கவிதா சிவப்புக் குறி போடத்தான் போனாள், தடுத்தது நான் என்று சொன்னேன். மழை வந்தால் என்ன செய்வது என்று அன்றைக்கே அவள் கேட்டாள், போன் பண்ண நினைத்து மறந்தவன் நான் என்றும் சொன்னேன். நீங்கள் என் பேச்சை மீறவில்லை, என் பேச்சில்தான் ஓட்டை என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன், வெட்கமாக இருந்தது.

சுமதி அழவில்லை. நோட்டைத் திறந்து, அன்றைக்கு எழுதிய பக்கத்தை எடுத்து, வரிவரியாகப் பார்த்தார். மழை என்ற சொல் அதில் இல்லை என்று உறுதி செய்துகொண்டார் போலிருக்கிறது. மூடினார். பெட்டியை என் மேசையிலிருந்து எடுத்து, நான்கடி தள்ளியிருந்த கவிதாவின் மேசையில் வைத்தார். அவள் மூன்றையும் அளந்தாள், ஒன்றின் மேல் சிவப்புக் குறி போட்டாள். புழு விழுந்தால் இரண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்க என் வாய் வரைக்கும் வந்தது. நான் வாயெடுப்பதைப் பார்த்துவிட்டு, சுமதி என் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "இனி எம் பேட்டரிய அந்தப் புள்ளையே பாக்கட்டுங்கண்ணா. நீங்க எரக்கப்படறவருங்க, அதனாலதான் வேண்டாங்கறேன்."

இப்போது எங்கள் கடையில் பேட்டரியைப் பார்ப்பது கவிதா, மார்க்கரைத் தொடாமல் ஓரமாக நின்று "சரிங்க" என்று சொல்வது நான்.